ஒரே வாலட்டில் டெஸ்ட்நெட்டும் மெயின்நெட்டும்: வகுப்பில் அப்படிச் சொல்லிக்கொடுக்கலாமா?

செம்பனைக்காடு
மலேசியாவுல, சுங்கை சிப்புட்ல கோயில் மண்டபத்துல நடக்கிற சனிக்கிழமை கணினி வகுப்புக்கு அடுத்த பாடம் கிரிப்டோ வாலட். படிவம் 5 முடிச்ச பிள்ளைங்க. என்னைக் கேட்டா, நிஜக் காசு ஓடுற மெயின்நெட்டுக்கும் பழகுறதுக்கான காசு ஓடுற டெஸ்ட்நெட்டுக்கும் மெட்டாமாஸ்க்ங்கிற ஒரே வாலட் போதும். நெட்வொர்க் பட்டியலைத் திறந்து, டெஸ்ட் நெட்வொர்க்கைக் காட்டுற சுவிட்சை ஆன் பண்ணி, ஈத்தீரியத்தோட டெஸ்ட்நெட்டான செபோலியாவைத் தொட்டா ஆச்சு. செபோலியாவோட செயின் ஐடி (நெட்வொர்க்கோட அடையாள எண்) 11155111, ஈத்தீரியம் மெயின்நெட்டுக்கு 1. 2016ல வந்த இஐபி-155ங்கிற ஈத்தீரியம் விதிக்குப் பிறகு அந்த எண்ணையும் சேர்த்துத்தான் வாலட் பரிவர்த்தனைக்குக் கையெழுத்துப் போடுது. செபோலியாவுல போட்டதை எடுத்து மெயின்நெட்டுல ஓட்ட முடியாது. பிறகு எதுக்கு ரெண்டு வாலட்?

கிராணிமகள்
அண்ணே, பரிவர்த்தனைக்கு நீங்க சொல்றது சரி. ஆனா காசை எடுக்க உரிமை தர்ற ரகசியச் சாவிக்கு அது பொருந்தாது. ஈத்தீரியத்துல நெட்வொர்க்கை மாத்தினா முகவரி மாறாது, சாவியும் மாறாது. பிட்காயின்ல அப்படி இல்லை. மெயின்நெட்டுக்கு 0, டெஸ்ட்நெட்டுக்கு 1னு சாவி உருவாகிற பாதையே வேற. முகவரியும் ஒன்னு பிசி1னு தொடங்கும், இன்னொன்னு டிபி1. மாத்தி ஒட்டினா வாலட்டே ஏத்துக்காது. ஈத்தீரியத்துல அந்த வேலி கிடையாது.

பிள்ளைங்க கான்ட்ராக்ட் (பிளாக்செயின்ல ஓடுற நிரல்) எழுதிப் பழகுறப்ப சாவியை ஒரு கோப்புல போடுவாங்க, நிரலை அந்தக் கோப்போட சேர்த்து, நிரல்களைப் பகிர்ற கிட்ஹப் தளத்துல ஏத்திடுவாங்க. பொதுவுல விழுற சாவியைத் தேடுறதுக்குன்னே பாட் (தானா இயங்குற நிரல்) ஓடுது. "டெஸ்ட்நெட் சாவிதானே"ன்னு விட்டது மெயின்நெட்டுக்கும் அதே சாவி. அண்ணன் சொல்ற சுவிட்சு அங்க எதையும் காப்பாத்தாது.

ஈப்போரோடு
நடுவுல ஒரு வழி இருக்கே. அதே வாலட்ல ரெண்டாவது அக்கவுண்ட் திறந்து அதை டெஸ்ட்டுக்கு மட்டும் வச்சுக்கலாம்.

கிராணிமகள்
ரெண்டாவது அக்கவுண்டோட சாவி மட்டும் வெளிய போனா முதல் அக்கவுண்டு தப்பிக்கும். ஆனா சில டெவலப்பர் கருவி, வாலட்டையே திரும்ப உருவாக்குற 12 மீட்புச் சொல்லைக் கேட்கும். அதைக் கொடுத்தா அந்தச் சொல்லுல இருந்து பிறந்த எல்லா அக்கவுண்டும் போச்சு. பேர்தான் ரெண்டாவது, வேர் ஒன்னுதான்.

செம்பனைக்காடு
தங்கச்சி, பாடம் நடக்கணுமே. புது வாலட்டுக்கு ஃபாஸெட்ல (டெஸ்ட் காசை இலவசமா தர்ற தளம்) காசு வாங்கிப் பார்த்தீங்களா? மெயின்நெட்டுல குறைஞ்சது 0.001 ஈத்தர் (ஈத்தீரியத்தோட காசு) இருந்தாத்தான் சில ஃபாஸெட் செபோலியா காசு தரும். காலி வாலட்டை பாட்டுன்னு நினைச்சுத் தள்ளிடும். பழைய வாலட்டுன்னா இந்தத் தொல்லை இல்லை.

ஈப்போரோடு
அதுக்கு வழி சுலபம் அண்ணே. சொல்லிக்கொடுக்கிறவர் மட்டும் முதல் நாளே ஃபாஸெட்ல வாங்கி வச்சுக்கிட்டு, ஆளுக்கு 0.01 அனுப்பட்டும். வெறும் ஈத்தர் அனுப்ப கேஸ் (கட்டணத்தைக் கணக்கிடுற அளவு) 21,000தான், 0.01ல பல தடவை பழகலாம். பிள்ளைங்களுக்கு முதல் பாடமே "வந்த காசை எக்ஸ்ப்ளோரர்ல (பரிவர்த்தனையைத் தேடிப் பார்க்கிற தளம்) பார்"னு அமையும்.

கேஸ்னு வந்ததால இதையும் சொல்லிடுறேன். செபோலியாவுல உள்ள ஒரு கான்ட்ராக்ட் முகவரியை காப்பி பண்ணிட்டு, மெயின்நெட்டுக்கு மாறினது தெரியாம அதுக்கு ஈத்தர் அனுப்பினா, வாலட் தடுக்காது. மெயின்நெட்டுல அந்த முகவரியில பெரும்பாலும் கான்ட்ராக்டே இருக்காது, ஆனா "வெற்றி"ன்னுதான் வரும். காசு வெத்து முகவரியில உட்கார்ந்திருக்கும். அந்தக் கான்ட்ராக்டைப் போட்டவர் அதே அக்கவுண்டுல இருந்து, அதே நான்ஸ் எண்ணுல (அந்த அக்கவுண்டோட பரிவர்த்தனை வரிசை எண்) மெயின்நெட்டுலயும் ஏத்தினாதான் எடுக்க வாய்ப்பு, அதுவும் அந்தக் கான்ட்ராக்டுல எடுக்க வழி எழுதியிருந்தா. கான்ட்ராக்டுக்கு அனுப்புறோம்னு நினைக்கிறப்ப கேஸ் சரியா 21,000னு காட்டினா நிறுத்துங்க. அந்தப் பக்கம் கான்ட்ராக்ட் இல்லைன்னு அர்த்தம்.

செம்பனைக்காடு
இது நல்ல குறிப்பு தம்பி, பாடத்துல சேர்த்துக்கிறேன். ஆனா இதுவே என் பக்கத்துக்கும் சாட்சி. உறுதி பண்றதுக்கு முன்ன நெட்வொர்க் பேரை வாசிக்கப் பழகாத பிள்ளை ரெண்டு வாலட்லயும் தப்பு பண்ணும். சுவிட்சைப் போட்டுப் போட்டு மாத்திப் பார்த்தாதானே அந்தப் பழக்கம் வரும்?

கிராணிமகள்
பழகட்டும், காசு இல்லாத வாலட்ல பழகட்டும். அதுலயும் மெயின்நெட்டுக்கு மாத்திப் பார்க்கலாம், இருப்பு 0ன்னு காட்டும். பாடம் அதே பாடம், நஷ்டத்துக்கு இடமில்லை. தோட்டத்துல பல வீட்டுல ஒரு போன்தான், அப்பா பேங்க் ஆப்பும் அதுலதான் இருக்கு. அதுல டெஸ்ட் சைட்டையெல்லாம் இணைக்கச் சொல்ல எனக்கு மனசு வரலை. வெறும் மெசேஜுக்குப் போடுற கையெழுத்துல செயின் ஐடி கட்டாயம் இல்லைங்கிறதையும் மறக்காதீங்க அண்ணே. இஐபி-155 பரிவர்த்தனைக்குத்தான்.

ஈப்போரோடு
மோசடிப் பக்கத்தையும் காட்டுங்க. டெஸ்ட் காசுக்கு டாலர் மதிப்பு காட்டுறதை மெட்டாமாஸ்க் இயல்பா அணைச்சு வச்சிருக்கு, செட்டிங்ஸ்ல ஆன் பண்ணலாம். ஆன் பண்ணி ஸ்கிரீன்ஷாட் எடுத்தா செபோலியா காசு நிஜப் பணம் மாதிரி தெரியும். வாட்ஸாப் குழுவுல அப்படி ஒரு படத்தைக் காட்டி "ரிங்கிட் கட்டினா பாதி உனக்கு"ன்னு ஆசை காட்டலாம். 2023ல கோர்லிங்கிற இன்னொரு டெஸ்ட்நெட்டோட காசையே சந்தையில விலைக்கு வித்தாங்க, 2024ல அந்த நெட்வொர்க்கே கைவிடப்பட்டுச்சு. டெஸ்ட் காசை யார் வித்தாலும் வாங்காதேன்னு அழுத்திச் சொல்லணும்.

செம்பனைக்காடு
சரி, வகுப்புல மடிக்கணினிதான், பிள்ளைங்க போனைத் தொடவேண்டாம். குரோம்ல தனி புரொஃபைல், அதுல புது மெட்டாமாஸ்க், புது 12 சொல். புரொஃபைல் நிறம் ஆரஞ்சு. ஆனா வாலட்டைத் தெரிஞ்ச பெரியவங்களுக்கு ஒரே வாலட் போதும்ங்கிறதுல நான் மாறலை.

கிராணிமகள்
கோடு எழுதாத பெரியவங்கன்னா வாதாட மாட்டேன். எழுதுறவங்கன்னா ஒத்துக்க மாட்டேன். அந்த 12 சொல்லைப் பிள்ளைங்க போன்ல படம் பிடிக்காம தாள்ல எழுதட்டும் அண்ணே, தாள் மேல "டெஸ்ட்"னு பெருசா எழுதச் சொல்லுங்க.