பம்பின் ஃபுட்வால்வு தேய்வதுபோல் இதயத்தில் வைக்கும் செயற்கை வால்வும் தேயுமா?

கேள்வி (கோவையிலிருந்து ஒரு பம்பு பொறியாளர்)

அனைவருக்கும் வணக்கம். என் அக்காவுக்கு வயது 36. சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மிட்ரல் வால்வு (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருப்பது) சுருங்கிவிட்டது. அதை மாற்றியே ஆகவேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். உலோகச் சட்டத்தில் கார்பன் இதழ்கள் கொண்ட வால்வு ஆயுள் முழுவதும் வரும் என்றும், விலங்குத் திசுவால் செய்த திசு வால்வு வைத்தால் சில ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் மாற்ற நேரலாம் என்றும் விளக்கினார்கள். பதினெட்டு ஆண்டுகளாகப் பம்பு தயாரிப்பில் இருக்கும் எனக்கு, ஒரு ஃபுட்வால்வு (உறிஞ்சு குழாயின் அடியில், நீர் திரும்பிப் போகாமல் தடுக்கும் வால்வு) எத்தனை ஆண்டுகளில் கசியத் தொடங்கும் என்பது நன்றாகத் தெரியும். ஓயாமல் திறந்து மூடும் ஒரு பொருள் 'ஆயுள் முழுவதும்' வரும் என்பதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? அதன்மேல் விழும் சுமை எவ்வளவு? அக்கா என் விளக்கத்தைக் கேட்டுத்தான் முடிவெடுப்பதாக இருக்கிறார். அதனால் தெளிவாகப் புரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மறுமொழி (மருத்துவக் கருவிச் சோதனையில் பணியாற்றியவர்)

உங்கள் தொழிலின் கண்ணோடு பார்த்தால் இது எளிதாகப் புரியும். நிமிடத்துக்கு 72 துடிப்பு என்று வைத்துக்கொண்டால் ஓராண்டில் வால்வு ஏறத்தாழ 3 கோடியே 78 லட்சம் முறை மூடுகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு 150 கோடி முறை. மிட்ரல் வால்வு மூடியிருக்கும்போது இடது கீழறையின் முழு அழுத்தத்தையும், அதாவது சுமார் 120 மி.மீ. பாதரச அழுத்தத்தை, தாங்குகிறது. 27 மி.மீ. விட்டமுள்ள வால்வுக்கு இது 900 கிராம் எடைக்குச் சற்றே கூடுதலான விசை. பெருந்தமனி வால்வு மூடியிருக்கும் நேரத்தில் அதன்மேல் இருப்பது இதைவிடக் குறைந்த அழுத்தமே. ஆகவே மிட்ரல் இடத்தில் சுமை எப்போதுமே அதிகம்.

900 கிராம் பெரிய சுமை இல்லை என்று உங்களுக்குத் தோன்றலாம். உண்மைதான். கவலை தருவது நிலையான அந்தச் சுமையைக் காட்டிலும் மூடும் கணத்தில் விழும் அடியும், அது எந்த இடத்தில் குவிகிறது என்பதும்தான். இதை 1979 முதல் 1986 வரை விற்பனையில் இருந்த பியோர்க்-ஷைலி கான்வெக்ஸோ-கான்கேவ் வால்வு மிகக் கொடுமையாகக் காட்டியது. அது சாயும் வட்டு வகை, அதாவது ஒரே வட்டு சாய்ந்து திறந்து மூடும். வட்டைப் பிடித்திருக்கும் இரண்டு தாங்குகம்பிகளில் ஒன்று வளையத்தோடு ஒரே துண்டாக இருந்தது. இன்னொன்றை இரண்டு கால்களிலும் வளையத்தோடு பற்றவைத்திருந்தார்கள் (வெல்டிங்). வட்டு மூடும்போது சற்று மிகையாகத் திரும்பி அந்தக் கம்பியின் நுனியில் மோதியது. நுனியில் விழுந்த அடி, கால்களில் இருந்த பற்றவைப்பில் வளைக்கும் அழுத்தமாக (வளைவுத் தகைவு) சேர்ந்தது. திரும்பத் திரும்ப விழுந்த சுமையால் வரும் உலோகச் சோர்வால் முதலில் ஒரு கால் விட்டது, பிறகு மற்றொன்று. வட்டு கழன்று ரத்த ஓட்டத்தோடு போய்விட்டது. சுமார் 86,000 பேருக்கு வைக்கப்பட்ட அந்த வகையில் 600-க்கும் மேற்பட்ட முறிவுகள் பதிவாயின. முறிவு நேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. பெரிய அளவு வால்வுகளிலும், மிட்ரல் இடத்திலும், இளம் வயதினரிடமும் ஆபத்து கூடுதலாக இருந்தது. மேலே சொன்ன சுமைக் கணக்கு அதையேதான் எதிர்பார்க்கச் சொல்கிறது.

பின்னர் வந்த வடிவங்களில் தாங்குகம்பிகளை ஒரே உலோகத் துண்டிலிருந்து கடைந்தெடுத்தார்கள், பற்றவைப்பே கிடையாது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் நிலையம் உருவாக்கி, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு வைக்கப்பட்ட சித்ரா வால்வும் இவ்வாறே கோபால்ட் கலப்புலோகத்தில் ஒரே துண்டாகக் கடைந்தெடுத்த கூடு கொண்டது. அதன் வட்டு மிக உயர் மூலக்கூறு எடை பாலிஎத்திலீன். அந்த முடிவுக்கு வருமுன் அவர்கள் நீலமணி வட்டையும் முயன்று பார்த்து, அது உடைந்ததால் கைவிட்டார்கள். நம் நாட்டில் இந்த அளவு பொறுமையோடு நடந்த பொருளறிவியல் பணிகள் சிலவே. அந்தக் குழுவின்மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு.

உங்கள் மருத்துவர் குறிப்பிடுவது பெரும்பாலும் இரண்டு அரைவட்ட இதழ்கள் கொண்ட வகையாக இருக்கும்; 1977-இல் செயின்ட் ஜூட் வால்வோடு தொடங்கிய வடிவம் அது. இதழ்கள் பைரோலிட்டிக் கார்பனால் ஆனவை அல்லது அதனால் பூசப்பட்டவை. இந்தப் பொருள் அணு உலை எரிபொருள் மணிகளுக்கான பூச்சு ஆய்விலிருந்து வந்தது. தேய்மானம் மிகக் குறைவு. உலோகம்போல் படிப்படியாகச் சோர்ந்து போவதும் இல்லை. ஆனால் பீங்கான்போல் நொறுங்கக் கூடியது. ஒரு நுண்விரிசல் இருந்தால் அதுவே வினையாகிவிடும் என்பதால், ஒவ்வொரு பாகத்தையும் பயன்பாட்டுச் சுமையைவிடக் கூடுதலான சுமையில் சோதித்து, குறையுள்ளவற்றைத் தொழிற்சாலையிலேயே கழிக்கிறார்கள். உங்கள் பம்புகளின் இம்பெல்லர்களை (சுழலும் இறக்கைச் சக்கரங்களை) தின்னும் கேவிட்டேஷன் இங்கேயும் உண்டு: இதழ் வேகமாக மூடும் கணத்தில் நுண்குமிழிகள் தோன்றி வெடிக்கின்றன. 1980-களில் டியூரோமெடிக்ஸ் என்ற வால்வின் உடைந்த இதழ்கள் சிலவற்றில் அந்தக் குழிகள் காணப்பட்டன.

இனி, கணக்கு எப்படி என்று கேட்டீர்கள். பன்னாட்டுத் தரத்தின்படி இவ்வகை வால்வை 40 கோடி சுற்றுகள் வேகப்படுத்தி இயக்க வேண்டும். நொடிக்கு 15 சுற்று என்றாலும் பத்து மாதங்கள் பிடிக்கும். ஆனால் அது பத்து ஆண்டு பயன்பாட்டுக்குச் சற்று மேல்தான் ஈடாகும். மீதி ஆண்டுகளுக்கான நம்பிக்கை, விரிசல் வளர்ச்சிக் கணக்குகளிலிருந்தும் பல்லாண்டு நோயாளிப் பதிவுகளிலிருந்தும் வருகிறது.

மறுமொழி (வால்வு மாற்றிக்கொண்டவர்)

எனக்கு மிட்ரல் இடத்தில் இதே வகை வால்வு வைத்து 21 ஆண்டுகள் ஆகின்றன. வால்வு தேய்ந்ததாக எந்த எக்கோ பரிசோதனையும் இதுவரை சொன்னதில்லை. எனக்குச் சிக்கல் வந்தது வேறு வழியில். பல் பிடுங்குவதற்காக ஒரு மருத்துவமனையில் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். மீண்டும் எப்போது தொடங்குவது என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு வாரங்கள் கழித்து, இரவில் படுத்திருக்கும்போது எனக்கு எப்போதும் கேட்கும் அந்த 'டிக் டிக்' ஒலி மங்கியிருந்ததை உணர்ந்தேன். ஓர் இதழ் ரத்தக்கட்டியால் அசையாமல் நின்றிருந்தது. கட்டியைக் கரைக்கும் மருந்தால் பிழைத்தேன். தம்பி, உங்கள் அக்காவிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்: மாத்திரையும் மாதந்தோறும் ஐ.என்.ஆர். பரிசோதனையும் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது) வால்வோடு சேர்ந்தவை. கீரையிலுள்ள வைட்டமின் கே மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்றாலும் முருங்கைக்கீரையை விட வேண்டியதில்லை. ஒரு வாரம் நிறைய, மறு வாரம் எதுவுமில்லை என்று உண்பதுதான் ஐ.என்.ஆர். அளவைக் குலைக்கும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. அப்படியானால் மாத்திரைத் தொல்லை குறைவான திசு வால்வு ஏன் சீக்கிரம் கெடுகிறது? அதில் உலோகத்தின் அடி எதுவும் இல்லையே.

மறுமொழி (மருத்துவக் கருவிச் சோதனையில் பணியாற்றியவர்)

அடி இல்லை, ஆனால் வளைவு உண்டு. மாட்டின் இதய உறையையோ பன்றியின் வால்வையோ குளூட்டரால்டிஹைடு என்ற வேதிப்பொருளில் பதப்படுத்திச் செய்யும் அந்த இதழ்கள் ஒவ்வொரு துடிப்பிலும் மடிந்து விரிகின்றன. இதழ்கள் சட்டத்தோடு சேரும் மூலைகளில் இழுவிசை குவிகிறது. நம் உடலின் சொந்த வால்வில் தேய்ந்த நாரை உயிரணுக்கள் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். பதப்படுத்திய திசுவில் உயிரில்லை, அறுந்த நார் அறுந்ததுதான். அதன்மேல் கால்சியம் படிந்து இதழ் விறைக்கிறது. விறைத்த இதழ் வளையாமல் கிழிகிறது. இளம் வயதில் இந்தப் படிவு வேகமாக நடக்கும். முதியவர்களுக்குப் பொதுவாக 10 முதல் 15 ஆண்டுகள் வரக்கூடிய வால்வு, 36 வயதில் மிட்ரல் இடத்தில் அதைவிட முன்னதாகவே கெடக்கூடும். அக்கா இனியும் குழந்தை பெற விரும்பினால் மட்டும் இந்தக் கணக்கு மாறும். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரை கருவைப் பாதிக்கக்கூடியது என்பதால் அதை மருத்துவரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

எந்த வால்வாக இருந்தாலும், அதன் பெயர், அளவு, வரிசை எண் அச்சிட்ட அட்டையைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பியோர்க்-ஷைலி முறிவுகள் வெளியே தெரிந்தபோது, அளவையும் பற்றவைத்த காலத்தையும் வைத்துத்தான் யாருக்கு ஆபத்து கூடுதல் என்று கணக்கிட்டார்கள். வால்வை முன்கூட்டியே மாற்றலாமா என்ற முடிவு அதைப் பொறுத்தே இருந்தது.