கியூபெக்கில் வீடு வாங்கின பிறகு பழுது தெரிந்தால்: சுவரை உடைக்க முதல் கடிதம் போடுங்கோ

ரொறன்ரோவிலிருந்து மொன்றியல் பக்கம் வந்து வீடு வாங்குறவை முதலில் கவனிக்க வேண்டியது, இங்கே சட்டமே வேறை. ஒன்ராறியோவில், விற்றவர் தெரிந்துகொண்டே மறைத்தார் என்று காட்டினால்தான் பொதுவாக வழக்கு நிற்கும். கியூபெக் சிவில் கோட் 1726ஆம் பிரிவின்படி, விற்றவருக்கே தெரியாத பழுதுக்கும் அவர்தான் பொறுப்பு. தெரிந்து மறைத்திருந்தால் நட்டஈடும் சேரும்.

எல்லாப் பழுதும் 'வீஸ் காஷே', அதாவது சட்டம் சொல்லுற மறைந்த பழுது, ஆகாது. வாங்கின நாளிலேயே இருந்திருக்க வேணும், பாரதூரமாக இருக்க வேணும், கவனமாகப் பார்க்கிற ஆளின் கண்ணில் படாததாக இருக்க வேணும். பேஸ்மென்ட் தரைக்குக் கீழே கொட்டின கல்லில் பைரைட் என்ற கனிமம் இருந்து, அது ஊதித் தரையைக் கிளப்புவது நல்ல உதாரணம். ஆயுள் முடிஞ்ச கூரை ஒழுகினால் அது இதில் சேராது. சுவரடியில் ஈரக்கறையோ வெடிப்போ தெரிஞ்சும் மேலே விசாரிக்காமல் வாங்கினால், பிறகு "தெரியாது" என்று சொல்வது கஷ்டம்.

கனபேர் கோட்டை விடுறது இதுக்குப் பிறகுதான். தண்ணி வந்தவுடன் ஆளைப் பிடித்து, சுவரை உடைத்து, நனைந்த ஜிப்சம் பலகையைக் குப்பையில் போட்டு, எல்லாம் திருத்தி, பிறகு பில்லோடு வழக்கறிஞரிடம் போவினம். விற்றவர் கேட்பது ஒரே கேள்வி: "எனக்கு ஏன் காட்டேல்லை?" 1739ஆம் பிரிவு எழுத்தில் அறிவிக்கச் சொல்லுது. பழுது எங்கே, எப்போது கண்டது என்று எழுதி, படங்களோடு, பதிவுத் தபாலில் அனுப்புங்கோ. வந்து பார்க்கவும் திருத்தவும் நாள் குறிப்பிடுங்கோ, பத்து நாள் என்று வையுங்கோ. அவசரமென்றால் தண்ணியை மட்டும் நிற்பாட்டி, கழற்றின துண்டுகளை எடுத்து வையுங்கோ. இந்தக் கடிதத்தை அனுப்ப சட்டம் கேட்பது 'நியாயமான காலம்'. ஆறு மாதம் என்பது நீதிமன்றங்கள் பொதுவாகப் பார்க்கும் அளவுதான், அதை நம்பி இழுத்தடிக்காதேங்கோ. வழக்குப் போட 3 வருஷம். 15,000 டொலர் வரை சிறு உரிமை வழக்குப் பிரிவு, அங்கே வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பேச வேணும்.

விலை மலிவாக இருந்தால் ஒரு வரியைத் தேடுங்கோ: 'சான் கரான்தீ லெகால்', அதாவது சட்ட உத்தரவாதம் இல்லாமல், வாங்குபவரின் சொந்தப் பொறுப்பில். இறந்தவரின் வீட்டை வாரிசுகள் விற்கும்போது இது வழமை. இந்த வரி இருக்கிற வாங்கும் ஒப்புதலில் கையெழுத்து வைத்த பிறகு, நோட்டேரின் (நொத்தாரிசின்) மேசையில்தான் இதைக் கண்டால் பிந்திப்போச்சு.