புதுப்பிப்பு: அப்புச்சியின் மழைத்தொப்பி

வால்பாறை எஸ்டேட்டில் அப்புச்சி (அம்மாவின் அப்பா) அணிந்த கறுப்புத் தொப்பி விரலில் ஒட்டுகிறது, ரெக்சினா, எண்ணெய் பூசிய துணியான ஆயில்கிளாத்தா என்று கேட்டிருந்தேன். ஆயில்கிளாத்தேதான்! உரிந்த இடத்தில் பருத்தி நெசவு தெரிகிறது. ஆனால் ரெக்சினுக்கும் அடியில் துணிதான், அது சாட்சியாகாது. காட்டிக்கொடுத்தது வாசனை: பழைய பெயின்ட் டப்பாவைத் திறந்தது போல. காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் காற்றுப்பட்டு இறுகிய பூச்சு அது.

பின்விளிம்பு நான்கு விரல் அகலம், முன்விளிம்பு இரண்டே விரல். மழைநீர் காலருக்குள் இறங்காமல் முதுகில் வழிந்தோடத்தான்.

தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னவர்கள் மன்னிக்கவும். அது உலராத எண்ணெய், பிசுக்குதான் கூடும். மடித்து வைத்ததில் உச்சியில் வெடிப்பு விழுந்துவிட்டது. பவானியில் உள்ள வீட்டுப் பரண் சூட்டிலிருந்து இறக்கி, உள்ளே பழைய வேட்டியைத் திணித்து வைத்திருக்கிறேன். வேட்டியும் அப்புச்சியுடையது என்று அம்மாவுக்குக் கோபம்.