புதுப்பிப்பு: 1927-இல் திறந்த சைக்ளோன், இன்றும் ஓடுவது எப்படி?

நியூயார்க் கோனி ஐலண்டில் உள்ள சைக்ளோன் ரோலர் கோஸ்டரைப் பற்றி எழுதி, "இத்தனை பழைய மரப் பாதையை நம்பி எப்படி ஏறுகிறார்கள்?" என்று கேட்டிருந்தேன். உட்கார்ந்து படித்த பிறகு என் கேள்வியே தவறு என்று புரிந்தது.

தாங்கி நிற்கும் சட்டகம் இரும்பு. சக்கரம் ஓடும் பாதைதான் மரம். பலகைகளை அடுக்கடுக்காக இறுக்கி, மேலே இரும்புப் பட்டை பதிக்கிறார்கள். உளுத்த பகுதியை மட்டும் கழற்றிப் புதிதாகப் போட்டுவிடலாம்.

எனக்கு இப்போது கவலை இரும்பைப் பற்றித்தான். 2024 ஆகஸ்டில், பெட்டிகளை மேலே இழுக்கும் சங்கிலியின் பல்சக்கரத்தில் விரிசல் விட்டு ஓட்டம் நின்றது. தொடக்கத்தில் விரிசல் கண்ணுக்கே தெரியாது. சிவப்புச் சாயம் தடவி, ஊறவிட்டு, துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்தால் மயிரிழை மாதிரி ஒரு கோடு எழும். எழுந்தால் அந்த பாகத்தை ஒதுக்கிவிட வேண்டும். அப்புறம் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது.

மரப் பாதைகளில் காலையிலேயே நெடுக நடந்து ஒவ்வொரு போல்ட்டாகப் பார்ப்பவர்கள் மீது மரியாதை கூடிவிட்டது.

சரி, அடுத்து மெல்போர்ன் லூனா பார்க் கேளிக்கைப் பூங்காவில் 1912-இல் திறந்த ரோலர் கோஸ்டர் ரயிலைப் பற்றி எழுதப்போகிறேன். அதில் பிரேக் பிடிப்பவர் வண்டியிலேயே நின்றபடி வருவார்.