கேமரா இல்லாத நம்ம ரோட்டில் உங்களுக்கு நடந்தது என்ன?

உச்சிப்புளி ஆள்:
அந்த வளைவுதான், கருவை முள் வெள்ளைக்கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்குமே. விடியற்காலை ஐந்து மணி, எக்செல்லில் பெட்டியோடு மண்டபத்துக்கு மீன் எடுக்கப் போகிறேன். முள்ளுக்குள்ளிருந்து ஒரு ஆடு, பின்னால் குட்டி, அதன் பின்னால் ஒரு பாட்டி. ஆட்டுக்கு ஒதுங்கினேன். பாட்டியின் முந்தானை என் வண்டிக் கண்ணாடியில் சிக்கி, இழுபட்டு, விட்டது. அவ்வளவுதான். "மெல்லப் போய்யா" என்று சொல்லிவிட்டு ஆட்டின் பின்னாலேயே போய்விட்டார். எனக்குத்தான் கை நடுக்கம் நிற்கவில்லை. அடுத்த ஞாயிறு நாலு பேர் அரிவாளோடு போய் முப்பதடிக்கு முள்ளை வெட்டினோம்.

பாம்பன் பஸ்காரர்:
எனக்கு முள் பிரச்சினை இல்லை, மனுசன்தான். ரோட்டுப் பாலம் 1988-இல் திறந்தபோது இருந்த அதே இருவழிதான் இன்றைக்கும். 2025-இல் புதிய ரயில் பாலம் வந்த பிறகு, நடுவே தூக்கும் பகுதியைப் பார்க்க வண்டியை ஓரங்கட்டுகிறார்கள். பாலத்தில் ஏது ஓரம்? ஒருநாள் எனக்கு முன்னால் நின்ற காரில் ரோட்டுப் பக்கக் கதவு திறந்தது. சின்னப் பொண்ணு, கையில் முறுக்குப் பாக்கெட். பிரேக் பிடித்ததில் பஸ்ஸில் நின்றவர்கள் எல்லாம் முன்னால் வந்து விழுந்தார்கள். பாக்கெட் காற்றில் பறந்து கடலுக்குப் போனது. பிள்ளை அதற்காக அழுதது. அப்பா செல்ஃபியை முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

தொண்டி கொத்தனார்:
உச்சிப்புளி தம்பி, கோபப்படாதீர்கள், வெட்டியது அரைகுறை வேலை. கருவையைத் தூரோடு எடுக்காவிட்டால் ஒரு மழைக்கு மறுபடி துளிர்க்கும். கரிமூட்டம் போடுகிறவர்களிடம் சொல்லியிருந்தால் தூரையும் அவர்களே தோண்டியிருப்பார்கள், அவர்களுக்கு அது காசு. இன்னொன்று, வளைவு நன்றாகத் தெரிந்தால் பையன்கள் இன்னும் முறுக்குவார்கள். அங்கே வேகத்தடைதான் வேண்டும். அதையும் ஒழுங்காகப் போட வேண்டும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். ஏறுவதே தெரியாமல் ஏறி இறங்கும், ஆனால் 25 கிலோமீட்டருக்கு மேல் போனால் தூக்கிப் போடும். நம்ம ஊரில் போடுவது தென்னை மரத்தை வெட்டிக் குறுக்கே போட்ட மாதிரி இருக்கிறது. பெயிண்டும் இல்லை, முன்கூட்டி ஒரு போர்டும் இல்லை. அப்படி ஒன்றில்தான் என் அம்மா பின் சீட்டிலிருந்து விழுந்தார், இடுப்பு எலும்பு. அதனால் சொல்கிறேன், யார் போட்டாலும் முதலில் டேப்பை வைத்து அளக்கச் சொல்லுங்கள். மஞ்சள் கோடு அடிக்க ஊராட்சியில் மனு கொடுங்கள், கிராம சபையில் தீர்மானமாகவே போடுங்கள்.

தனுஷ்கோடி வேன்:
2017-இல் அரிச்சல்முனை வரைக்கும் ரோடு வந்ததிலிருந்து ஓட்டுகிறேன். ஆடிக் காற்றில் மணல் ரோட்டின் மேல் மாவு சலித்த மாதிரி படியும். பைக்கில் வந்த பையன் என் கண் முன்னால் சறுக்கினான். பத்துப் பேர் போன் எடுத்தார்கள், ஒருவர் கூட 108-க்கு அடிக்கவில்லை. "கேஸ் வரும்ணே" என்றார் பக்கத்தில் நின்றவர். வராது. உதவுகிறவருக்குப் பாதுகாப்பு என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே சேர்த்தாயிற்று, பெயரைக்கூடச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பையனின் செருப்பு இன்னும் என் வேனில் கிடக்கிறது. எங்கே கொடுப்பது என்று தெரியவில்லை.

உச்சிப்புளி ஆள்:
கொத்தனார் அண்ணே, துளிர்த்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். வேகத்தடை வரட்டும், ஆனால் போட்ட அன்றைக்கு டேப்போடு நீங்கள்தான் வர வேண்டும். பாட்டி இன்னும் அதே நேரத்துக்குத்தான் வருகிறார். இப்போது ஆட்டின் கழுத்தில் பழைய சைக்கிளின் சிவப்பு ரிஃப்ளெக்டர் தொங்குகிறது, பேரன் கட்டிவிட்டானாம். நேற்று என் ஹெட்லைட்டில் அதுதான் முதலில் மின்னியது.