தமிழ் பீரியட்ல சினிமாப் படம் போட்டு எழுத வைக்கலாமா, கூடாதா?

சாக்பீஸ்தூள்:
வணக்கம். அரசு நடுநிலைப் பள்ளியில 6, 7, 8க்கு தமிழ் எடுக்கறேன். போன வாரம் ஸ்டாஃப் ரூம்ல "படம் போடறது பாடம் நடத்தாம தப்பிக்கறதுக்குத்தான்"னு ஒருத்தர் சொல்ல, அது பெரிய வாக்குவாதமாயிடுச்சு. ராத்திரி தூக்கமே வரல, அதான் நடந்ததை அப்படியே எழுதறேன், சரியா தப்பான்னு சொல்லுங்க.

எட்டாவதுல ஒரு பொண்ணு. கட்டுரைன்னா முன்னுரை ரெண்டு வரி எழுதுவா, அப்புறம் நான் போர்டுல போட்ட குறிப்புச் சட்டகத்தையே திரும்ப எழுதி வெச்சிருப்பா, முடிவுரைன்னு தலைப்பு மட்டும் இருக்கும் கீழ ஒண்ணும் இருக்காது. வாயால சொல்லச் சொன்னா அழகா சொல்லுவா, பேனாவை எடுத்தா அங்கேயே நின்னுடும். 2022ல 6 முதல் 9 வரைக்கும் சிறார் திரைப்பட விழான்னு மாசம் ஒரு படம் போட ஆரம்பிச்சாங்க இல்லையா, பசங்க பாத்துட்டு சந்தோஷமா கலைஞ்சு போயிடறாங்க, அதையே ஏன் வகுப்புக்குள்ள கொண்டு வந்து எழுத வைக்கக்கூடாதுன்னு தோணுச்சு.

எடுத்துக்கிட்டது 'சிவப்பு பலூன்'. லமோரிஸ்ங்கிற பிரெஞ்சு இயக்குநர் 1956ல எடுத்தது, 34 நிமிஷம்தான், பேச்சு ரொம்பவே கம்மி. ஒரே மூச்சுல ஓட்டல, மூணு பீரியடா பிரிச்சேன். மொத நாள், பலூனோட வர்ற பையனை கண்டக்டர் பஸ்ல ஏத்த மாட்டேங்கறார் பாருங்க, அங்க நிறுத்திட்டேன். "இப்ப அவன் என்ன பண்ணுவான், ஏன்னு அஞ்சு வரி எழுதுங்க." ரெண்டாவது நாள் மழை. போறவங்க வர்றவங்க குடைக்குள்ள எல்லாம் பலூனைக் கொண்டு போய் வெச்சு வெச்சு வீட்டுக்குப் போறான். ஒரு பையன் எழுந்து "டீச்சர், அவன் நனையறான், பலூனை மட்டும் நனைய விடல"ன்னான். நான் கேக்கவே இல்ல, அவனா கண்டுபிடிச்சான்.

மூணாவது நாள் பலூன் தன் கதையைத் தானே சொல்ற மாதிரி எழுதச் சொன்னேன். அந்தப் பொண்ணு ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தா. முழுக்க எழுத்துப்பிழை, பலூன்ங்கிறதே 'பழூன்'னு இருக்கு. ஆனா முதல் வரி: "எனக்குக் கயிறு ஒன்றுதான் இருக்கிறது, அதை யார் கையில் கொடுப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்." இந்த வரி எந்தக் கைடுல இருக்கு சொல்லுங்க?

பனையோலை:
டீச்சர், உங்க உழைப்பை நான் குறை சொல்லல, அந்த வரி நிஜமாவே நல்லா இருக்கு. ஆனா 31 வருஷம் வகுப்பறையில நின்னவன்ங்கிற முறையில எனக்கு இதுல உடன்பாடு இல்ல, காரணத்தைச் சொல்லிடறேன்.

எங்கிட்ட ஒன்பதாவதுல ஒரு பையன் இருந்தான். படக்கதை சொன்னான்னா வகுப்பே வாயைத் திறந்துக்கிட்டு கேக்கும், சீன் பை சீனா, இடையில இசை எல்லாம் போடுவான். அவன் கையில ஒரு நாள் செய்தித்தாளைக் கொடுத்து தலைப்பை மட்டும் படிடான்னேன். 'வேளாண்'ங்கிற வார்த்தையில நின்னுட்டான். வே... ளா... அதுக்கு மேல போகல, நெத்தியில வேர்வை. இத்தனை வருஷமா கதை சொல்ற திறமையைப் பாத்தே நாங்க எல்லாரும் அவனை பாஸ் போட்டு அனுப்பிட்டிருந்தோம், படிக்க வருமான்னு யாரும் பாக்கல. அதுக்கப்புறம் நாலு மாசம், தினம் மதியச் சாப்பாட்டுக்குப் பின்னாடி இருபது நிமிஷம், விரலை வரி மேல வெச்சு நான் ஒரு வரி அவன் ஒரு வரின்னு படிச்சோம். அதுக்கு எந்தப் படமும் உதவியிருக்காது.

இன்னொண்ணு, மரம்னு படிச்சா ஒருத்திக்கு வீட்டு வாசல் வேம்பு தெரியும், ஒருத்தனுக்குக் குளத்தாங்கரை புளியமரம் தெரியும். படத்துல எல்லாருக்கும் ஒரே மரம். பிள்ளை மனசுல செய்ய வேண்டிய வேலையை கேமராக்காரர் செஞ்சு கொடுத்துடறார்.

ரெண்டுபசங்கஅம்மா:
நான் டீச்சர் இல்லீங்க, பெத்தவ. ஐயா சொல்றதுதான் எனக்கும் சரின்னு படுது. சின்னவ தனியார் பள்ளியில ஆறாவது. வாரத்துல ஒரு நாளாவது "இன்னைக்கும் படம்தான் மா"ன்னு வர்றா. ஒரே கார்ட்டூனை மூணு தடவை போட்டிருக்காங்க. டீச்சர் என்ன பண்ணாங்கன்னு கேட்டா, பின்னாடி உக்காந்து பேப்பர் திருத்தினாங்களாம். அவங்களையும் தப்பு சொல்ல முடியல, ஒரு டீச்சர் தலையில அஞ்சு செக்ஷன் கட்டினா என்னதான் பண்ணுவாங்க. ஆனா ஃபீஸ் கட்டறது இதுக்கா? வீட்ல போனைப் பிடுங்கி வெக்கறதுக்கே நான் தினம் சண்டை போடறேன், பள்ளிக்கூடமும் அதே திரையைக் காட்டினா நான் எங்க போறது.

கரும்பலகை:
மேடம், உங்க கோபம் நியாயம். ஆனா நீங்க சொல்றது படத்தைப் போட்டுட்டு டீச்சர் இல்லாமப் போறது, சாக்பீஸ்தூள் சொல்றது நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேக்கறது. ரெண்டும் ஒண்ணு இல்ல.

நான் பத்தாவதுக்கு எடுக்கறேன். 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக'ன்னு ஒரு கேள்வி வரும், 5 மார்க், ஒரு படத்தைக் கொடுத்து எழுதச் சொல்லுவாங்க. எவ்வளவு அழகான கேள்வி! அதை நாங்க என்ன பண்ணி வெச்சிருக்கோம் தெரியுமா? எந்தப் படம் வந்தாலும் பொருந்தற மாதிரி ஒரு எட்டு வரியை மனப்பாடம் பண்ணிக் கொடுத்துடறோம். மரம் நடுற படம் வந்தாலும் அதே எட்டு வரி, முதியவரை ரோடு கடக்க வைக்கற படம் வந்தாலும் அதே எட்டு வரி. பேப்பர் திருத்தப் போனா ஒரு கட்டுல இருக்கற அத்தனை பேரும் ஒரே கவிதை எழுதியிருக்காங்க. படத்தைப் பாக்காமலே எழுதறதுக்குப் பழக்கின நாம, பாக்கச் சொல்லிக் கொடுக்கற டீச்சரைப் பாத்து தப்பிக்கறாங்கன்னு சொல்றது எனக்கு வலிக்குது.

பனையோலை ஐயாவுக்கு ஒரு விஷயம். தொல்காப்பியத்துல மெய்ப்பாட்டியல் இருக்கே. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகைன்னு எட்டு. மனசுல இருக்கறது உடம்புல எப்படி வெளிய தெரியுதுங்கிறதுதானே மெய்ப்பாடு. நான் சாப்ளினோட 'தி கிட்' படத்துல, 1921ல வந்த மௌனப்படம், அனாதை இல்லத்து ஆளுங்க பையனை வண்டியில ஏத்திட்டுப் போற காட்சியை மட்டும் போட்டேன். எட்டு வார்த்தையையும் போர்டுல எழுதிட்டு, யார் முகத்துல எது, எதை வெச்சுச் சொல்றேன்னு எழுதச் சொன்னேன். 'இளிவரல்'னா என்னன்னு பத்து வருஷமா நடத்தியிருக்கேன், அன்னைக்குத்தான் ஒரு பிள்ளை "அவன் ஏழைங்கிறதால அவங்க அவனை மதிக்கவே மாட்டேங்கறாங்க, அது இளிவரலா சார்"னு கேட்டுச்சு.

பனையோலை:
இளிவரல் உதாரணம் என்னை யோசிக்க வெக்குது, ஒத்துக்கறேன். ஆனா நீங்க ரெண்டு பேரும் ஏற்கெனவே எழுதப் படிக்கத் தெரிஞ்ச பிள்ளைங்களை மனசுல வெச்சுப் பேசறீங்க. 1986ல கஃப், டன்மர்னு ரெண்டு வாசிப்பு ஆய்வாளர்கள் ஒரு எளிய கணக்கு சொன்னாங்க: எழுத்தைக் கூட்டி வாசிக்கற திறன் பெருக்கல் மொழியைப் புரிஞ்சுக்கற திறன், ரெண்டும் சேர்ந்துதான் வாசிச்சுப் புரிஞ்சுக்கறது. கவனிங்க, கூட்டல் இல்ல, பெருக்கல். ஒண்ணு பூஜ்யம்னா மொத்தமும் பூஜ்யம். நீங்க ஏற்கெனவே நல்லா இருக்கற பக்கத்தையே இன்னும் வளக்கறீங்க. என் ஒன்பதாவது பையனுக்கு எது பூஜ்யமோ அது பூஜ்யமாவே இருக்கும்.

அப்புறம் தமிழுக்குன்னு ஒரு சிக்கல் இருக்கு. படத்துல வர்றது பேச்சுத் தமிழ். பரீட்சையில கேக்கறது எழுத்துத் தமிழ். "வந்துட்டான்"னு ஆயிரம் தடவை காதுல விழுந்தாலும் "வந்துவிட்டான்"னு எழுத வராது. எழுத்து நடை காதுல ஏறணும்னா எழுத்து நடையில இருக்கறதைத்தான் சத்தம் போட்டுப் படிக்கணும், வேற வழி எனக்குத் தெரியல.

சாக்பீஸ்தூள்:
ஐயா, அதனாலதான் நான் பேச்சு கிட்டத்தட்ட இல்லாத படமா தேடி எடுத்தேன். வசனம் இல்லைன்னா எல்லா வார்த்தையும் பிள்ளைங்கதான் கொண்டு வரணும், கடன் வாங்க இடமே இல்ல. முதல்ல வாயால சொல்லுவாங்க, "பலூன் அவன் பின்னாடியே போவுது"ன்னு. நான் அதை அப்படியே போர்டுல எழுதுவேன். அப்புறம் எல்லாரும் சேர்ந்து எழுத்து வழக்குக்கு மாத்துவோம், "பலூன் அவனைப் பின்தொடர்கிறது". பேச்சு வழக்கை எழுத்து வழக்கா மாத்துற பயிற்சி பாடப்புத்தகத்துலயே இருக்கு, ஆனா அங்க யாரோ ஒருத்தர் பேசினதை மாத்தணும், இங்க அவங்க சொன்னதையே மாத்தறாங்க. 'பின்தொடர்கிறது'ங்கிற வார்த்தை அன்னைக்கு அவங்களுக்குத் தேவைப்பட்டுச்சு, அதான் ஒட்டிக்கிச்சு.

பெருக்கல் கணக்கு சரிதான். ஆனா அதே கணக்குப்படி என் வகுப்புல மறுபக்கம் பூஜ்யமா இருக்கற பிள்ளைங்களும் இருக்காங்க. கடகடன்னு வாசிப்பாங்க, தப்பே வராது, மூடி வெச்சுட்டு என்ன படிச்சேன்னா ஒண்ணும் தெரியாது. அவங்களுக்குக் கேள்வின்னா, கேள்வியில இருக்கற வார்த்தை பத்தியில எங்க வருதோ அந்த வரியைத் தூக்கி எழுதறது. படத்துல தூக்கி எழுத வரியே கிடையாது. ஈரான் இயக்குநர் மஜீத் மஜீதியோட 1997 படம் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்'ல, தங்கச்சியோட ஷூவைத் தொலைச்ச பையன் மூணாவது பரிசுக்காக ஓடுவான், ஏன்னா மூணாவது பரிசுதான் ஷூ. ஆனா முதல்ல வந்துடுவான். "ஜெயிச்சவன் ஏன் அழறான்?"னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். இதுக்கு எந்த வரியைக் காப்பி அடிப்பாங்க?

நடுப்பக்கம்:
இங்க்லீஷ் எடுக்கறவன், நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும். ஐயா சொல்ற எழுத்துக்கூட்டற பிரச்சனைக்கும் திரையில ஒரு வழி இருக்கு. அகமதாபாத் ஐஐஎம்ல பிரிஜ் கோத்தாரின்னு ஒருத்தர் 1996ல ஆரம்பிச்ச வேலை. இந்திப் பாட்டுக்குக் கீழ இந்தியிலயே வரி ஓடும், பாடற வார்த்தை பாடற நேரத்துல நிறம் மாறும். தூர்தர்ஷன்ல சித்ரஹார் நிகழ்ச்சியிலயே இது வந்துச்சு. ஏற்கெனவே மனப்பாடமா தெரிஞ்ச பாட்டுங்கிறதால கண்ணு தானா வரி மேல போகும். நான் தமிழ்ப் பாட்டுக்கு வரியை டைப் பண்ணி வகுப்புல ஓட்டிப் பாத்தேன், வாசிக்கத் திணறுற ஆறு பசங்க வாயசைச்சுக்கிட்டே படிச்சாங்க. அவங்களுக்குப் படிக்கறோம்னே தெரியல.

பனையோலை:
இது வேற. இதுல எழுத்து இருக்கு, கண்ணு எழுத்து மேல போகுது. இதை நான் முழு மனசோட ஏத்துக்கறேன். என் ஒன்பதாவது பையனுக்கு இது கிடைச்சிருந்தா நாலு மாசம் ரெண்டு மாசமா குறைஞ்சிருக்கும்னு தோணுது.

ஹைடெக்லேப்:
எல்லாரும் பெரிய விஷயம் பேசறீங்க, நான் தரையில இருந்து சொல்றேன். எங்க பள்ளியில ஒரு ப்ரொஜெக்டர், அது கணக்கு டீச்சருக்கும் வேணும், அறிவியலுக்கும் வேணும். 40 நிமிஷ பீரியட்ல ஒயர் மாட்டி பசங்களை உக்கார வெக்கவே 10 நிமிஷம். கரண்ட் போச்சுன்னா போச்சு. அதனால முழுப்படம்ங்கிற நெனப்பையே விடுங்க, நாலு நிமிஷக் காட்சி போதும், மீதி நேரம் நோட்டுல. காப்பிரைட் பயம் வேண்டாம், 1957 சட்டத்துல பிரிவு 52 இருக்கு, பள்ளி நடவடிக்கையா மாணவர், ஆசிரியர், பெற்றோருக்கு மட்டும் படம் காட்டறதுக்கு விலக்கு கொடுத்திருக்காங்க.

கரும்பலகை:
நல்ல தகவல் சார். இன்னொண்ணும் சேத்துக்கறேன், பன்னிரண்டாவது தமிழ்ப் புத்தகத்துல 'திரைமொழி'ன்னு ஒரு பாடமே வெச்சிருக்காங்க. அதைப் போர்டுல எழுதிப்போட்டு, ஒரு காட்சி கூட காட்டாம, ரெண்டு மார்க் கேள்வி அஞ்சு மார்க் கேள்வின்னு நடத்திட்டுப் போறதை என் கண்ணால பாத்திருக்கேன். படத்தைப் பத்தின பாடத்தையே படம் இல்லாம நடத்தறோம்.

ரெண்டுபசங்கஅம்மா:
இவ்வளவும் படிச்சேனுங்க. நிறுத்தி எழுத வைக்கறாங்கன்னா எனக்கு மறுப்பு இல்ல. அப்ப எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும், படம் போட்ட அன்னைக்கு நோட்டு வீட்டுக்கு வரணும். நோட்டுல எழுத்து இருந்தா அது பாடம், இல்லைன்னா நான் பள்ளிக்கூடத்துக்கு நேரா வந்து கேப்பேன். நேத்து நானே சின்னவகிட்ட, பாத்த கார்ட்டூன்ல யாரை உனக்குப் புடிக்காது, ஏன்னு எழுதுன்னு சொன்னேன். முக்கால் மணி நேரம் உக்காந்து எழுதினா. மூணு தடவை பாத்த படத்தைப் பத்தி அவகிட்ட யாருமே இதைக் கேக்கலீங்க.

பனையோலை:
அம்மா சொன்னது சரியான கணக்கு. டீச்சர், என் கருத்து முழுசா மாறல, வாசிப்புக்கான பீரியடை எடுத்துப் படத்துக்குக் கொடுக்கக்கூடாது, அதுல நான் நிக்கறேன். எனக்காக ஒண்ணு செஞ்சு பாருங்க. அடுத்த மாசம் அச்சுல இருக்கற ஒரு சிறுகதை, மூணு பக்கத்துக்கு மேல வேண்டாம், அதையும் இதே மாதிரி மூணு பீரியடா பிரிச்சு, அதே இடங்கள்ல நிறுத்தி, அதே மாதிரி கேள்வி கேட்டு எழுத வைங்க. கதையில வர்ற ஒரு பொருள் தன் கதையைச் சொல்ற மாதிரி. அப்புறம் அந்தப் பொண்ணோட ரெண்டு எழுத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. அவளை எழுத வெச்சது படமா, இல்ல நீங்க நிறுத்தின இடமான்னு தெரிஞ்சுடும்.

சாக்பீஸ்தூள்:
செய்யறேன் ஐயா, இது நான் யோசிக்காத விஷயம். கதையை நீங்களே தேர்ந்தெடுத்துச் சொல்லுங்க, பேச்சு கம்மியா, பொருள் ஒண்ணு கண்ணுல படற மாதிரி இருக்கணும். ஒரே ஒரு வேண்டுகோள், மொத ரெண்டு பக்கத்தை நான் சத்தமா வாசிச்சுக் காட்டறேன், ஏன்னா அவளுக்கு இன்னும் 'பழூன்'தான். கடைசிப் பக்கத்தை அவ வாசிக்கட்டும். ரெண்டு நோட்டையும் பேரை மறைச்சு போட்டோ எடுத்துப் போடறேன், பிழை எதையும் திருத்தாம.