‘ஒற்றையாட்சி மன்றம்’ வேண்டாம்: யூனிட்டரி அத்தாரிட்டிக்கு என்ன சொல்லலாம்?

நண்பர்களே, வணக்கம்.

பிரிட்டனில் ஒரு பகுதியின் உள்ளாட்சி வேலைகளை எல்லாம் ஒரே மன்றம் பார்த்தால் அதை யூனிட்டரி அத்தாரிட்டி என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில், ‘ஒற்றையாட்சி மன்றம்’ என்று ஐயா எழுதியிருந்தார். அகராதிப்படி அது சரிதான். ஆனால் ஒற்றையாட்சி என்றதும் நமக்கு, அதிலும் இலங்கைத் தமிழர்களுக்கு, நினைவுக்கு வருவது கூட்டாட்சிக்கு எதிர்ப்பதமான ஒற்றையாட்சி. 2017இல் வந்த இலங்கை அரசியலமைப்பு இடைக்கால அறிக்கையில் ஒற்றையாட்சி என்பதற்குப் பதிலாக ‘ஒருமித்த நாடு’ என்று எழுதியதற்கே எவ்வளவு வாதம் நடந்தது! அத்தனை பாரம் சுமக்கிற சொல்லைக் குப்பை அள்ளும் மன்றத்தின் தலையில் வைக்க வேண்டாம்.

முதலில் பொருளைப் பார்ப்போம். இங்கிலாந்தின் பல பகுதிகளில் 1974 முதல் இரண்டு மன்றங்கள் இருக்கின்றன. பள்ளிக்கூடம், சாலை, முதியோர் பராமரிப்பு எல்லாம் ‘கவுண்டி’ எனும் பெரிய மன்றத்திடம். வீட்டுவசதி, கட்டட அனுமதி எல்லாம் ‘டிஸ்ட்ரிக்ட்’ எனும் சிறிய மன்றத்திடம். குப்பையை வீட்டு வாசலில் வந்து எடுப்பது சிறிய மன்றம். எடுத்த குப்பையை அப்புறம் என்ன செய்வது என்பது கவுண்டியின் பொறுப்பு. வரிச்சீட்டை அனுப்புவது சிறிய மன்றம். அதில் பெரும்பங்கு போவது கவுண்டிக்கு. வாசலில் நிற்கிற மனிதர் யாரிடம் முறையிடுவது? இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் இரண்டு மன்றங்களின் வேலையையும் ஒரே மன்றத்திடம் கொடுக்கிறார்கள். ஸ்காட்லாந்தும் வேல்ஸும் 1996இல் முழுமையாக இதற்கு மாறிவிட்டன: ஸ்காட்லாந்தில் 32 மன்றங்கள், வேல்ஸில் 22. இங்கிலாந்தில் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிறது. 2024 டிசம்பரில் வந்த அரசின் வெள்ளை அறிக்கை, மிச்சமிருக்கிற 21 ஈரடுக்குப் பகுதிகளையும் மாற்றச் சொல்கிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. டிஸ்ட்ரிக்ட் என்றால் நம் கை தானாக ‘மாவட்டம்’ என்று எழுதிவிடும். ஆனால் அங்கே டிஸ்ட்ரிக்ட் சிறியது, கவுண்டிதான் பெரியது. ‘மாவட்ட மன்றத்தைக் கவுண்டியோடு இணைத்தார்கள்’ என்று எழுதினால் படிக்கிறவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார். ‘வட்டாரம்’ என்றால் தமிழ்நாட்டில் அது ஒன்றிய அளவிலானது, இலங்கையில் தேர்தல் வட்டாரம். அதனால் ‘வட்ட மன்றம்’ என்கிறேன். தாலுகாவை வட்டம் என்று சொல்லிப் பழகியவர்களுக்கு அளவும் ஏறக்குறையப் பிடிபடும். கவுண்டியைக் கவுண்டி என்றே விட்டுவிடலாம்.

‘ஓரடுக்கு மன்றம்’ என்று அக்கா சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. மூன்றடுக்கு ஊராட்சி என்று நாம் ஏற்கெனவே சொல்கிறோம். ஈரடுக்கு, ஓரடுக்கு என்பது இயல்பான இணை. முறையைக் குறிக்க அதையே வைத்துக்கொள்வோம். மன்றத்துக்கு வைக்கத்தான் தயங்குகிறேன். ஓரடுக்கு என்று சொல்லப்படும் இடங்களிலும் கீழே ஊர் அளவிலான பாரிஷ் மன்றங்கள் இருக்கின்றன. பல இடங்களில் மேலே மேயர் தலைமையில் ஒரு கூட்டமைப்பும் இருக்கிறது. எண்ணிப் பார்த்தால் அடுக்கு ஒன்றல்ல. அதோடு அடுக்கு என்றால் மேலிருப்பது கீழிருப்பதை ஆள்கிறது என்ற எண்ணம் வரும். கவுண்டி வட்டத்துக்கு மேலதிகாரி அல்ல. வேலைதான் பிரிந்திருந்தது.

ஆகவே, என் பரிந்துரை ‘முழுப்பொறுப்பு மன்றம்’. காவல்துறை அதனிடம் இல்லையே என்று கேட்கலாம். சரிதான், ஆனால் அது வட்ட மன்றத்திடமும் கவுண்டி மன்றத்திடமும்கூட இல்லை. பிரிந்து கிடந்த பொறுப்பு முழுதும் ஓரிடத்துக்கு வந்துவிட்டது என்பதைத்தான் இந்தச் சொல் சொல்ல வேண்டும்.

இந்த மாற்றத்தை ‘மன்ற இணைப்பு’ என்று எழுதுவதையும் தவிர்ப்போம். சாமர்செட்டில் 2023இல் கவுண்டியும் நான்கு வட்டங்களும் சேர்ந்து ஒன்றானது உண்மை. ஆனால் 2018இல் நிதி நெருக்கடியில் விழுந்த நார்த்தாம்டன்ஷயர் 2021இல் இரண்டு மன்றங்களாகப் பிரிந்தது. கம்பிரியாவும் 2023இல் இரண்டானது. இணைப்பும் பிரிப்பும் ஒன்றாக நடக்கின்றன. ‘மறுவரையறை’ என்று சொன்னால் தொகுதி எல்லை வேலையோடு குழம்பும். ‘உள்ளாட்சி மறுசீரமைப்பு’ போதும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு சொல் பாக்கி இருக்கிறது. பழைய மன்றங்கள் கலைவதற்கு முன்பே புதிய மன்றத்துக்குத் தேர்தல் நடத்தி, ஆயத்த வேலைகளைப் பார்க்க வைக்கிறார்கள். ஆங்கிலத்தில் அதை ஷேடோ அத்தாரிட்டி என்கிறார்கள். ‘நிழல் மன்றம்’ என்றால், எதிர்க்கட்சியின் நிழல் அமைச்சரவை போல, அதிகாரம் இல்லாத ஒன்று என்று தோன்றிவிடும். இது நாளைக்கு அதிகாரம் ஏற்கப்போகும் மன்றம். ‘முன்மன்றம்’ என்றும், அது பொறுப்புக்கு வரும் நாளைப் ‘பொறுப்பேற்பு நாள்’ என்றும் குறித்து வைத்திருக்கிறேன். முன்மன்றம் என்றால் ‘முன்பு இருந்த மன்றம்’ என்று யாராவது படித்துவிடுவார்களோ என்ற ஐயம் எனக்கு இருக்கிறது. இதைவிட நல்ல சொல் தோன்றினால் சொல்லுங்கள்.